அகலப்பட்டை மானியின் வரலாறு

பெட்ரோலின் ஒரு பங்கு முழுமையாக எரிய, எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவைப்படுகிறது. புகையில் எஞ்சும் ஆக்சிஜனைக் கொண்டு இவ்விகிதத்தை உணரும் லாம்டா உணரியை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்க, 1976இல் அது வால்வோ கார்களில் பயன்பாட்டுக்கு வந்தது. சிர்கோனியா என்னும் பீங்கானாலான அவ்வுணரி, கலவை அந்த அளவைவிடச் செறிவானதா நீர்த்ததா என்பதை மட்டுமே நம்பகமாகக் காட்டியதால், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ எஞ்சின்கள் முழுச்சுமையில் வேண்டும் 12க்கு அருகிலான விகிதத்தை அளக்க அது போதவில்லை. ஆக்சிஜனை உள்ளும் வெளியும் செலுத்தும் நுண்ணறை ஒன்றைக் கொண்டு, அதற்குச் செலவாகும் மின்னோட்டத்தால் விகிதத்தைக் கணிக்கும் அகலப்பட்டை உணரி இக்குறையை நீக்கியது. 1992ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் விஎக்ஸ் போன்ற கார்களில் இடம்பெற்ற இவ்வகை, பின்னர் பாஷின் எல்எஸ்யூ வரிசையாகப் பெருமளவில் உற்பத்தியானபோது, இவ்விகிதத்தை அளக்கும் ஆய்வகக் கருவி தனிநபர் வாங்கத்தக்க மானியாயிற்று. குறைந்த விலை மானிகள் பலவும் இவ்வரிசை உணரிகளையே ஏற்பதால், அம்மானிகளின் தரத்தைக் கட்டுப்பாட்டுச் சுற்றின் துல்லியமே பெரிதும் தீர்மானிக்கிறது.