சிறுதேரும் பெற்றோரும்

பழந்தமிழர் தேர்களைப் பற்றி எழுதுவோர் வேந்தரின் நெடுந்தேரையே எழுதுவர். முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியின் கதையைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆனால் அதே காலத்தில் வீட்டு முற்றங்களில் உருண்ட சிறுதேரைப் பற்றி நின்று பேசினோர் மிகச் சிலர். விளையாட்டுப் பொருள்தானே என்று தள்ளிவிடுதல் எளிது. எனினும் அச்சிறுதேரை வாங்கிக் கொடுத்த தந்தையும், அதன் பின்னே தளர்நடையிட்ட பிள்ளையை விழாமல் காத்த தாயும் செவிலியும் நம் இலக்கியத்தில் இருக்கின்றனர். வாங்கிக் கொடுக்க இயலாத தந்தையும் பிற இலக்கியத்தில் இருக்கின்றான். அவர்களைத் தேடிச் செல்வது வீண்வேலை அன்று.

சங்க இலக்கியத்தில் சிறுதேரை மிகத் தெளிவாகக் காட்டுபவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுக்கு ஆசிரியரான அவர், இரண்டிலும் குழந்தையின் தேரை மறவாமல் பாடியிருக்கின்றார். கரிகாலன்மேற் பாடிய பட்டினப்பாலையில் வரும் காட்சி பலரும் அறிந்தது. அகன்ற முற்றத்தில் நெல் உலர்கிறது. அதைக் கவர வந்த கோழியின்மேல் காவலிருந்த மகளிர் தம் காதிற் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, பொன்னணி பூண்ட சிறுவர் குதிரையின்றி உருட்டி வரும் மூன்று சக்கரத் தேரின் வழியில் விழுந்து அதைத் தடுக்கிறது. அந்நாட்டில் வழிமறிக்கும் பகை இஃதொன்றே என்பது புலவர் கருத்து.

சோழநாட்டின் செல்வத்துக்குச் சான்றாகவே இப்பகுதியை வகுப்பறையில் நடத்துவது வழக்கம். அது தவறன்று. ஆயினும் பொன்னைக் கண்டு மயங்கிய கண்ணுக்குச் சக்கரத்தின் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. அரசர் ஏறிய தேருக்கோ, உழவர் ஓட்டிய வண்டிக்கோ மூன்று சக்கரம் கிடையாது. பெரியதைப் பார்த்துச் சிறியதாகச் செய்த வெறும் பொம்மையாயின் இரண்டோ நான்கோ அல்லவா இருக்கவேண்டும்? மூன்று என்று புலவர் எண்ணிச் சொல்லியிருப்பதற்குக் காரணம் வேண்டும்.

அக்காரணம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. முன்னே ஒரு சக்கரமும் பின்னே அகன்று நிற்கும் இரு சக்கரமும் உடைய நடைவண்டியே அது. மேடும் பள்ளமுமான மண்தரையில் நான்கு சக்கர வண்டியை வைத்தால் ஏதேனும் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும், வண்டி ஆடும். மூன்று சக்கரமோ எத்தரையிலும் மூன்றும் படிந்து நிற்கும். நிற்கத் தெரிந்து நடக்கத் தெரியாத பிள்ளை, பின்னிருந்து கைப்பிடியைப் பற்றித் தள்ளிச் செல்வதற்கு ஆடாத வண்டியே வேண்டும். மர அச்சில் மரச்சக்கரம் சற்று இறுகச் சுழல்வதும் ஒரு வகையில் நன்மையே. பிள்ளையின் காலைவிட வண்டி விரைந்து ஓடினால் பிள்ளை முகங்குப்புற விழும் என்பதைப் பட்டறிந்த தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

பட்டினப்பாலைச் சிறுவர் தேரை ஏறி ஊர்ந்தனர் என்று புலவர் கூறவில்லை. உருட்டினர் என்றே கூறினார். தொண்டைமான் இளந்திரையன்மேல் அவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இக்கருத்து இன்னும் உறுதிப்படுகிறது. மருத நிலத்து உழவர் மனையில், ஏறி ஊர்வதற்கு அல்லாத நல்ல தேரை உருட்டி உருட்டிக் களைத்த புதல்வர், தளர்நடையால் வந்த வருத்தம் தீரச் செவிலியைத் தழுவிப் பாலுண்டு படுக்கையில் உறங்குகின்றனர். உருட்டுதலும் தளர்நடையும் இங்கே ஒரே மூச்சில் வருகின்றன. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனாரும் சிறுதேர் உருட்டுதலையும் தளர்நடையையும் ஒருங்கே வைத்துப் பாடியுள்ளார் (403). நற்றிணையிலும் கிண்கிணி ஒலிக்கத் தெருவில் தேரோடு நடை பயிலும் புதல்வன் ஒருவன் வருகிறான் (250). ஆகவே சங்க காலச் சிறுதேர்களுள் ஒருவகையேனும் நடை பழக்கும் வண்டியே எனக் கொள்வது பொருந்தும்.

எல்லாச் சிறுதேரும் அவ்வாறே என்று முடிவு கட்டிவிடுதலும் கூடாது. குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் காட்டும் வண்டி வேறு (61). அது தச்சன் செய்த, சிறிய குதிரை பூட்டிய வண்டி. அதை ஏறி ஊர்ந்து மகிழ முடியாவிட்டாலும் கையால் இழுத்து மகிழ்வர் சிறுவர். அதுபோலவே தலைவனைக் கூடி மகிழாவிடினும் அவன் நட்பால் மகிழ்ந்தோம் என்று தோழி கூறுகிறாள். இது முன்னே கயிறு கட்டி இழுக்கும் வகை. ஓரளவு நடை பயின்ற பிள்ளைக்கு உரியது. தள்ளும் தேர், இழுக்கும் தேர் என இரண்டும் அன்றே இருந்தன.

தந்தையின் மனம்

பேயனார் பாட்டில் பேசப்படுவது தேரன்று, தந்தையின் மனம். மனைவியிடம் கொண்ட அன்பினும், தன் தந்தையின் பெயரைத் தாங்கிய மகன் சிரித்துக்கொண்டே சிறுதேர் உருட்டி வரும் தளர்நடையைக் கண்டபோது உள்ளம் அவன்பால் பெரிதாயிற்று என்பது கருத்து. இல்லறத்தின் வளர்ச்சியை ஒரு மரவண்டியின் ஓட்டத்தில் வைத்துக் காட்டியவர் அப்புலவர். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கமும் அவ்வாறே போகிற போக்கில் நமக்குக் கிடைக்கிறது. பாட்டனின் பெயரும் பேரனின் வண்டியும் ஒரே பாட்டில் வருவதைக் கவனிக்கலாம்.

இம்மகிழ்ச்சிக்கு மறுபுறமும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் அந்தத் தேரைச் சொல்லுமிடத்தில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்படி அது புனையப்பட்டது என்கிறார் புலவர். தேரின் அழகைப் புகழ்வதே அவர் நோக்கம். நாள்தோறும் மரவேலையைப் பார்த்து வளரும் பிள்ளைகளே ஆசைப்பட்டார்கள் என்றால் வேலைத்திறம் எத்தகையது என்று வியக்கச் சொன்னது அது. ஆனால் அச்சொல்லைச் சற்றே திருப்பிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தச்சனின் பிள்ளை விரும்பியது. தேரோ நெற்கூடுகள் உயர்ந்த உழவர் மனைக்குப் போயிற்று. தந்தை கையால் செய்த தேரை வேறொரு பிள்ளை உருட்டுவதைத் தச்சன் மகன் பார்த்து நின்றான். உரையாசிரியர்கள் இதனை நின்று நோக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று வரலாறு எழுதுவோர்க்கு அத்தேவை உண்டு.

தச்சன் வீட்டிலும் தேர் இல்லாமல் போயிருக்குமா என்று கேட்கலாம். கைவல்ல தச்சச் சிறார் மழுவோடு காட்டுக்குள் சென்றால் அவர்களுக்கு மரத்துக்கா பஞ்சம் என்ற பொருளில் அதியமான் வாயிலில் நின்று ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது (206). ஆகவே அப்பிள்ளைகள் வெட்டி எறிந்த துண்டுகளில் தமக்கென்று ஏதேனும் செய்துகொண்டிருப்பர் என்று நினைக்க இடமுண்டு. அத்தகைய வண்டியைப் பாடிய பாட்டு மட்டும் இல்லை.

மண் வண்டியும் பொன் வண்டியும்

ஏழைத் தந்தையின் பிள்ளையைக் காட்டும் பெருமை வடமொழி நாடகம் ஒன்றுக்கு உரியது. சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ என்ற அழகிய பெயரில் தமிழாக்கித் தந்தவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். நாடகம் முழுவதற்கும் பெயர் தந்த அச்சிறு வண்டி வருவது ஆறாம் அங்கத்தில் ஒரே ஒரு காட்சியில்தான்.

கொடுத்துக் கொடுத்தே வறியனான சாருதத்தனின் மகன் உரோகசேனன், அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியை வைத்து விளையாடியிருக்கிறான். உரியவன் அதைத் திரும்ப எடுத்துச் சென்றுவிட்டான். பணிப்பெண் இரதனிகை மண்ணால் ஒரு வண்டி செய்து தருகிறாள். பிள்ளை அதை ஏற்கவில்லை. பொன் வண்டியே வேண்டும் என்று அழுகிறான். அங்கிருந்த வசந்தசேனை காரணம் அறிந்து, தன் அணிகளைக் கழற்றி மண்வண்டியை நிரப்பிக் கொடுத்துப் பொன்வண்டி செய்துகொள்ளச் சொல்கிறாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் அது ஓர் இனிய காட்சியாகவே நின்றிருக்கும். அணிகளைத் திருப்பிக் கொடுக்கும்படி சாருதத்தன் தன் நண்பன் மைத்திரேயனிடம் ஒப்படைக்கிறான். வசந்தசேனையைக் கொன்றதாகச் சாருதத்தன்மேல் வழக்கு நடக்கும் வேளையில், மன்றத்தில் மைத்திரேயனிடமிருந்து அந்த அணிகளே கீழே விழுகின்றன. பிள்ளையின் அழுகையை ஆற்றக் கொடுத்த பொருள் தந்தையின் தலைக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. கொலைக்களம் வரை சென்றே அவன் மீள்கிறான். அண்டை வீட்டு வண்டி ஒன்று தன் வீட்டில் என்ன செய்யும் என்பதை இதைவிடக் கடுமையாகக் கூறிய நூல் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

கடல் கடந்த கிரேக்க நாட்டிலும் ஒரு தந்தை உண்டு. கி.மு. 423இல் ஏதன்சு நகரில் நடிக்கப்பட்ட ‘மேகங்கள்’ என்னும் நகைச்சுவை நாடகத்தில் அரிசுட்டோபனீசு படைத்த திரெப்சியாடீசு என்பவன் அவன். மகனின் குதிரைப் பித்தால் கடனில் மூழ்கியவன். ஆறு வயதில் மழலை பேசிய மகனுக்காக, நீதிமன்றத்தில் நடுவனாக அமர்ந்து ஈட்டிய முதற் காசைக் கொண்டு சீயசுக் கடவுளின் விழாவில் ஒரு சிறு வண்டி வாங்கிக் கொடுத்ததை அவன் நினைவூட்டுகிறான். இன்னும் ஓரிடத்தில், சிறு வயதிலேயே வீட்டுக்குள் அமர்ந்து தோலால் வண்டி செய்த கெட்டிக்காரன் தன் மகன் என்று ஆசிரியரிடம் பெருமை பேசுகிறான். அந்த மகனே பின்னர்த் தந்தையை அடிக்கிறான். அடிப்பதற்கு நியாயமும் கூறுகிறான். நாடகம் கேலிக்கு எழுதப்பட்டதாயினும், முதற் காசில் வாங்கிய அந்த வண்டியைப் பற்றிய பேச்சில் கேலி குறைவு.

ஏதன்சில் இளவேனிற்கு முன் நடந்த மதுவிழா ஒன்றில் வழங்கிய சிறு குடுவைகள் பல கிடைத்துள்ளன. நீண்ட கோலில் பொருத்திய சிறு வண்டியை இழுத்துச் செல்லும் குழந்தைகளின் உருவம் அவற்றுட் பலவற்றில் தீட்டப்பட்டுள்ளது. குழந்தைகளின் கல்லறைகளிலும் அத்தகைய குடுவைகள் கிடைத்துள்ளன. பிள்ளையை இழந்த பெற்றோர் அதை உடன் வைத்துப் புதைத்தனர்.

இவற்றினும் மிகப் பழையவை சிந்துவெளியிற் கிடைத்த சுடுமண் வண்டிகள். அரப்பா, மொகஞ்சதாரோ, சங்குதாரோ முதலிய இடங்களில் வண்டிச் சட்டங்களும் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. சட்டத்தில் குச்சிகளைச் செருகுவதற்குத் துளைகள் உண்டு. எல்லாம் விளையாட்டுப் பொருளே என்று கூற எல்லா அறிஞரும் உடன்படுவதில்லை. அவ்வூர்ப் பெற்றோர் என்ன எண்ணினர் என்பதை, எழுத்து இன்னும் படிக்கப்படாத நிலையில், சொல்வாரில்லை.

தமிழுக்குத் திரும்பினால், சங்க காலத்துக்குப் பின் சிறுதேர் ஓர் இலக்கிய உறுப்பாகவே ஆயிற்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கி இம்மரபு வளர்ந்தது. ஒற்றைப்படைத் திங்கள்களில் பருவங்களை வகுக்கும் பாட்டியல் முறைப்படி வருகைப் பருவம் 13ஆம் திங்களிலும் சிறுதேர் 21ஆம் திங்களிலும் அமைகின்றன. பிள்ளை நடந்து வந்து எட்டுத் திங்கள் ஆன பிறகே தேர் வருகிறது. ஆகவே பிள்ளைத்தமிழ்ப் புலவர் மனத்தில் இருந்தது நடைவண்டியன்று. குறுந்தொகை காட்டிய இழுக்கும் தேரே என்று தோன்றுகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் இல்லை. கழங்கும் அம்மானையும் ஊசலும் பெண்மகவுக்கு உரியவாயின. நடை பழகும் பெண்குழந்தை எதைப் பிடித்துக்கொண்டு நடந்தது என்று பாட்டியல் நூலார் கேட்டுக்கொள்ளவில்லை போலும்.

அண்மைக் கால வண்டிகள்

மேலைநாட்டு ஆலைகளில் தகரத்தாலும் வார்ப்பு உலோகத்தாலும் சிறு வண்டிகள் செய்யப்பட்ட காலத்திலும் பழைய கதை மாறவில்லை. 1949ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆசுட்டின் நிறுவனம் பிள்ளைகள் மிதித்து ஓட்டும் ‘ஜே 40’ என்னும் சிறு கார்களைச் செய்யத் தென் வேல்சில் பார்கோய்டு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை திறந்தது. அங்கு வேலை செய்தோர், நிலக்கரிச் சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டுச் சுரங்கத்தில் இறங்க முடியாமற் போனவர்கள். 1971 வரை அவ்வேலை நடந்தது. ஒளிரும் விளக்கும் ஊதுகுழலும் பொருத்திய அக்கார்கள் எளியோர் வாங்கும் விலையில் இருக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படைத் தச்சனை அங்கேயும் காணலாம்.

விலை குறைந்த வண்டி வேறு வழியில் வந்தது. இலண்டனில் லெசுனி நிறுவனத்தின் பங்காளியான ஜாக் ஓடெல் என்னும் பொறியாளரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்பது விதி. தந்தை பித்தளையில் ஒரு சிறு சாலை உருளையைச் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் அதுபோல் கேட்டனர். 1953இல் ‘மேட்ச்பாக்சு’ என்ற பெயரில் அவ்வண்டிகள் கடைக்கு வந்து, சில்லறைக் காசுக்கு உலகெங்கும் விற்றன. ஒரு வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் ஆசைப்பட்டதை அவ்வாறு அனைவருக்கும் கிடைக்கச் செய்தது ஆலைத் தொழிலின் ஆற்றல்.

நடைவண்டிக்கும் ஒரு போட்டி வந்தது. குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் சக்கரம் வைத்த வட்டவடிவ வண்டி அது. வேலையாக இருக்கும் தாய்க்கு அது வசதியானது. ஆனால் கால் ஊன்றத் தெரியாத குழந்தையும் அதில் விரைந்து ஓடும். படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்ததால், 2004ஆம் ஆண்டு கனடா அதன் விற்பனையையும் இறக்குமதியையும் அடியோடு தடை செய்தது. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. சில குழந்தைகளுக்குத் தாமதப்படுத்தவும் கூடும் என்று குழந்தை மருத்துவர் கூறுகின்றனர். உட்கார்ந்த பிள்ளை தன் எடையைத் தானே தாங்குவதில்லை. மூன்று சக்கர நடைவண்டியில் பிள்ளை பின்னே நிற்கிறது. நின்றால்தான் வண்டி நகரும். நெகிழிச் சக்கரம் பூட்டி வழுக்குத் தரையில் விட்டால் இதுவும் கைமீறி ஓடும் என்பது உண்மையே. அருகில் ஒருவர் இருக்கவேண்டும். உருத்திரங்கண்ணனார் பாட்டில் அப்பணியைச் செவிலி செய்தாள்.

தமிழ் வீடுகளில் நடைவண்டியைப் பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கென்று வாங்குவதில்லை. மூத்தவன் உருட்டி முடித்தபின் இளையவளுக்கும், பிறகு அத்தை வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் அது செல்லும். சாயம் போயிருக்கும், முன் சக்கரம் ஒருபுறம் தேய்ந்திருக்கும், பல கை பட்டுக் கைப்பிடி மட்டும் வழவழப்பாக இருக்கும்.