தாலி கட்டாத தந்தை

இராமானுசர் பிறந்த ஊர் என்று ஏடுகள் போற்றும் திருப்பெரும்புதூரைச் சுற்றி இன்று பிறப்பவை காரும், கனவண்டியும், கைப்பேசியும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை எழுந்தது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க மகளிர் விடுதி 2024இல் திறக்கப்பட்டது. ஊர்விட்டு ஊர் வந்த இளைஞர் பல்லாயிரவர். உழைக்கின்றனர், பழகுகின்றனர், காதலிக்கின்றனர். சிலர் மணக்கின்றனர், சிலர் மணவாமலே கூடி வாழ்ந்து பிரிகின்றனர்.

பிரிந்தவருள் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டா. அவன் ஒரகடத்தில் ஒரு வாடகை அறையில். குழந்தையோ விழுப்புரத்துப் பக்கம், தாயின் வீட்டில். மணம் நடக்கவில்லை. மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். “குழந்தையைக் காணவும், அதன் படிப்பிலும் மருத்துவத்திலும் ஒரு சொல் சொல்லவும் எனக்கு உரிமை உண்டா?” என்று கேட்கிறான். சட்டம் என்ன விடை தருகிறது?

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் ஆறாம் பிரிவைப் புரட்டுவோம். மணமுறையில் பிறந்த பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் தாய். மணமின்றிப் பிறந்த பிள்ளைக்குத் தாய். அவளுக்குப் பின் தந்தை. என்னே விந்தை! தாலி இருந்தால் தாய் இரண்டாமவள். தாலி இல்லையேல் தந்தை இரண்டாமவன். தொட்டிலை ஆட்டியவர் யார், மருந்து புகட்டியவர் யார் என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்னும் ஒரு வரி மட்டும் உண்டு. அதுவும் மணமுறையில் பிறந்த பிள்ளையைப் பற்றிய இடத்தில்.

பணம் கேட்பதில் மட்டும் சட்டம் தயங்கியதில்லை. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 488ஆம் பிரிவில், மணமின்றிப் பிறந்த பிள்ளைக்கும் தந்தை பிழைப்பூதியம் தரவேண்டும் என்றது. நல்லது; தரத்தான் வேண்டும்! ஓடி ஒளிந்த ஆடவரால் எத்தனை பெண்கள் தெருவில் நின்றனர் என்பதை நாடறியும். ஆனால் ஓடாதவன், தேடி வருகிறவன், அவன் நிலை என்ன? கொடுக்க முதல்வன், கேட்க இரண்டாமவன்.

இது ஒரகடத்தோடு பிறந்த சிக்கலன்று. தமிழ்நாட்டில் ஒரு காலம் இருந்தது; ஊரறிய, உறவறிய, மாலை மாற்றி மணந்துகொண்ட மானமுள்ள மனிதர்களே சட்டத்தின் கண்ணில் ‘மணமாகாத தந்தையர்’ ஆயினர். 1934இல் புரோகிதரின்றி நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் வழக்குமன்றம் ஏறிற்று. தெய்வானை ஆச்சி, சிதம்பரம் செட்டியார் வழக்கு அது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் திருமணம் செல்லாது என்றது. சடங்கு இல்லை, வழக்காறாக நிலைபெறவும் இல்லை என்பது காரணம். ஒரே தீர்ப்பில் எத்தனை இல்லங்களின் கூரை ஆடியிருக்கும்! மனைவி மனைவியல்லள், பிள்ளை முறைப்பிள்ளையன்று. மூன்றாண்டு கழித்து வந்த காப்பாளர் சட்டத்தின்படி நோக்கினால், தன் கையால் வளர்த்த பிள்ளைக்கே அத்தகைய தந்தை இரண்டாம் இடத்தவன்.

1967இல் அண்ணாவின் ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் ‘7–அ’ என்னும் பிரிவைச் சேர்த்தது. மாலையோ மோதிரமோ மாற்றி, இருவரும் அறிந்த மொழியில் உறுதி கூறினால் மணம் செல்லும் என்றது. இனி நடப்பவற்றுக்கு மட்டுமன்று, முன்பு நடந்தவற்றுக்கும். நேற்றுவரை ‘மணமாகாதவன்’, இன்று கணவன், தந்தை, காப்பாளன். அவன் மாறவில்லை, பிள்ளை மாறவில்லை, ஏட்டில் ஒரு பிரிவு ஏறிற்று, அவ்வளவே.

வெளிநாட்டார் இவ்வழியில் சற்று முன்னே நடந்துள்ளனர். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டான்லி என்பவர் மணவாமலே ஒரு பெண்ணுடன் 18 ஆண்டுக்காலம் விட்டுவிட்டு வாழ்ந்து மூன்று பிள்ளைகளைப் பெற்றார். அவள் இறந்ததும், அவர் தகுதியுள்ளவரா என்று விசாரிக்காமலே பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டது. விசாரிக்காமல் பறிக்கலாகாது என்று 1972இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. இங்கிலாந்தில், 2003 டிசம்பர் முதல், பிறப்புப் பதிவில் தாயுடன் சேர்ந்து பெயர் பதிந்த தந்தைக்குப் பெற்றோர் பொறுப்பு தானே வந்து சேர்கிறது.

நம் உச்சநீதிமன்றம் 1999இல், கீதா ஹரிஹரன் வழக்கில், ‘பின்’ என்ற சொல்லுக்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளன்று, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் என்றே பொருள் என்று தாய்க்குக் கதவு திறந்தது. அதே சொல் மணமாகாத தந்தைக்கும் எழுதப்பட்டிருக்கிறது. அங்கும் அப்பொருள் பொருந்தாதோ? 2015இல், மணமாகாத தாய் ஒருத்தி காப்பாளராக மனுச் செய்தாள். தந்தையின் பெயரைச் சொல்லவோ, அவருக்கு அறிவிப்பு அனுப்பவோ தேவையில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தக்க தீர்ப்பே. பிள்ளையை எட்டிப்பாராத ஆடவனைத் தேடிப் பிடித்து அவன் ஒப்புதலைக் கேட்பது பெண்ணை மீண்டும் சிறையிடுவது. பராமரித்தவனை அந்தத் தீர்ப்பைக் காட்டி விரட்டினால் மட்டுமே பிழை.

அவனுக்கும் வழி அடைபடவில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் அவன் மனுச் செய்யலாம். அங்கே முதற்கேள்வி பிள்ளையின் நலன். பிள்ளைக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவையும் நீதிபதி பார்க்கவேண்டும். அனுப்பிய பணத்தின் சீட்டும், பள்ளியில் தந்தையெனப் பதிந்த பெயரும் அங்கே பேசும். ஆனால் மனு, பிள்ளை வழக்கமாக வாழும் இடத்தின் நீதிமன்றத்திலேயே தரப்படவேண்டும். ஆகவே ஒவ்வொரு தவணைக்கும், இரவு ஷிப்டு முடிந்த கையோடு, ஒருநாள் ஊதியத்தை இழந்து, அவன் விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறவேண்டும்.