மங்களா பாயி தம்புராட்டி: இல்லத்துள் அமைந்த ஓவியத் தொழில்

கிளிமானூர் அரண்மனையைச் சேர்ந்த மங்களா பாயி தம்புராட்டி, ரவிவர்மாவைப் (1848–1906) பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் 'ஓவியரின் தங்கை' என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார். அவர் வரைந்தவற்றுள் இரண்டு பெயர்பெற்றவை: ஒன்று தமையனின் உருவப்படம், மற்றொன்று தானமிடும் காட்சி. இவ்விரு பொருள்களும் தற்செயலாக அமைந்தவையல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ரவிவர்மாவின் பயிற்சி தாய்மாமன் ராஜ ராஜ வர்மாவிடம் தொடங்கித் திருவனந்தபுரம் அரண்மனையில் வளர்ந்தது. எண்ணெய் வண்ணம் அந்நாளில் எளிதில் கற்பிக்கப்படாத வித்தை. 1868இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன்கூடத் தாம் வரைவதை அருகிருந்து காண மட்டுமே இசைந்தார் என்பர். அவ்வாறு அரிதின் பெற்ற நுட்பம் தமையன் வழியே இல்லத்தை அடைந்தது; தங்கைக்கு இல்லமே பள்ளியாயிற்று. 1873இல் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மா ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். இளவல் சி. ராஜ ராஜ வர்மா அவருடன் பயணம் செய்து நாட்குறிப்பும் எழுதிவைத்தார். பதக்கம், நாட்குறிப்பு இரண்டுமே பயணத்தால் விளைந்த ஆவணங்கள். வீட்டிலிருந்து வரைந்தவரை அவற்றைக்கொண்டு அளப்பது முறையாகாது.

வறுமையையோ கல்வியின்மையையோ இங்குக் காரணமாகக் கூறவும் இயலாது. மருமக்கள்தாய முறையில் குடும்பமே பெண்வழியில் தொடர்வது. தாய் உமா அம்பா பாயி கவிஞர். இல்லாதிருந்தது வெளியரங்கு ஒன்றே.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தும் இதில் பெரிதும் வேறுபட்டதன்று. 1768இல் இராயல் அகாதமியை நிறுவியோருள் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் ஆகிய இருவர் பெண்கள். ஆயினும் அதன் பள்ளியில் லாரா ஹெர்ஃபோர்டு மாணவியாக நுழைய 1860 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆடையற்ற உருவைப் பார்த்து வரையும் வகுப்பு மாணவியருக்கு 1893 வரை கிட்டவில்லை. வரலாற்றுப் பேரோவியங்களுக்கு அப்பயிற்சியே அடிப்படை. எனவே பெண்களுக்கு எஞ்சியவை உருவப்படமும் அன்றாட வாழ்வுக் காட்சியும். இதனை 'மென்மையான பெண்ணியல்பு' எனத் திறனாய்வாளர் விளக்கியது நகைப்புக்குரியது.

மங்களா பாயியின் தேர்வையும் இவ்வாறே நோக்கலாம். உருவப்படத்துக்கு அமர்ந்தவர் உடன்பிறந்தவர். தானமோ வீட்டு வாயிலில் நிகழும் செயல். புராணக் காட்சிகளால் புகழ்பெற்றவர் தமையன். தங்கையோ தம் கண்முன் இருந்தவற்றை வரைந்தார். அவர் தீட்டிய ரவிவர்மாவின் உருவப்படம், 1935இல் திறக்கப்பெற்ற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது.