சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா

மலேசியாவின் செமினியில் ஏதாவது ஒரு கிளினிக்கில் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். முகப்பில் இருக்கும் பெண் அடையாள அட்டையான ஐசியைப் பார்த்துக் கூப்பிடுவார்: "குமரன் ஏ எல் முனியாண்டி." குமரன் எழுந்து போவார். முனியாண்டி இறந்து இருபது வருடம் ஆகியிருக்கலாம். ஆனாலும் மகனைக் கூப்பிடும் இடத்திலெல்லாம் அவர் பெயரையும் கூப்பிடுகிறார்கள்.

இரண்டு எழுத்து, நடுவில் ஒரு சாய்கோடு: ஏ/எல். பெண்ணானால் ஏ/பி. 'அனாக் லெலாக்கி' என்றால் ஆண்பிள்ளை, 'அனாக் பெரெம்புவான்' என்றால் பெண்பிள்ளை. சொற்கள் மலாய். சொல்லும் சேதி மட்டும் நம்மிடம் இரண்டாயிரம் வருடமாக இருந்து வருவது.

அதை முதலில் இலக்கணத்தில் பார்க்கலாம். தகப்பன் பெயரும் மகன் பெயரும் சேரும்போது எழுத்து எப்படி மாறும் என்று தொல்காப்பியம் தனியாக விதி சொல்கிறது. கொற்றன் மகன் கொற்றன் என்றால் 'கொற்றங்கொற்றன்'. சாத்தன் மகன் கொற்றன் என்றால் 'சாத்தங்கொற்றன்' என்று உரையாசிரியர்கள் காட்டுகிறார்கள். நடுவில் வரும் அந்த மெல்லெழுத்துதான் அன்றைய சாய்கோடு. மகன் பெயரால் தகப்பனை அழைப்பதும் உண்டு. ஆதனின் தந்தை 'ஆந்தை', பூதனின் தந்தை 'பூந்தை'. கோப்பெருஞ்சோழனின் உயிர்த்தோழர் பிசிராந்தையாரின் பெயரை, பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆதனின் தந்தை என்று பிரிப்பது இந்த வழியில்தான். முல்லைப்பாட்டைப் பாடியவரோ காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தகப்பனின் தொழில், உறவு, பெயர் என்று ஒரு விண்ணப்பப் படிவம் கேட்கும் அத்தனையும் அதில் இருக்கிறது.

கல்லும் இதைச் சொல்கிறது. கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், ஏறத்தாழ கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ஒரு சமணத் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்ததைத் தமிழி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். கொடுத்தவன் இளங்கடுங்கோ. அவன் பெருங்கடுங்கோனின் மகன். பெருங்கடுங்கோன் செல்லிரும்பொறையின் மகன். மூன்று தலைமுறைச் சேரர்கள் ஒரே வரியில் நிற்கிறார்கள். நடுவில் 'மகன்' என்ற சொல் இரண்டு முறை வருகிறது.

பிறகு பெயர் கப்பலேறியது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் ஒரு சின்ன உரைகல் கிடைத்தது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொன்னை உரசிப் பார்க்கும் அந்தக் கல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் பொறித்திருக்கிறது. மலாய்த் தீபகற்பத்துக் கரையில் தன் பெயரை எழுதி வைத்த பழந்தமிழர்களில் அந்தப் பொற்கொல்லரும் ஒருவர். தகப்பன் பெயர் அதில் இல்லை. பட்டறையில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு யாருடைய கல் என்று தெரிந்தால் போதும். யார் மகன் என்ற கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் அரண்மனைகளும் நீதிமன்றங்களும் வரி வாங்குபவர்களும்தான்.

அப்படிக் கேட்டவர்கள் வரிசையாக வந்தார்கள். மலாய் உலகுக்கு இஸ்லாத்தோடு அரபு 'பின்', 'பிந்தி' வந்தன. இந்தியாவில் முகலாயர் கணக்கில் 'வலத்' உட்கார்ந்தது. நம் பழைய பத்திரங்களில் 'குமாரர்' இருந்தது. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் 'சன் ஆஃப்' வந்து, குமாஸ்தாவின் அவசரத்தில் எஸ்/ஓ என்று சுருங்கியது.

வணிகர்கள் வேறொரு சுருக்கம் வைத்திருந்தார்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்து வட்டிக்குக் கொடுத்த நகரத்தார், தகப்பன், பாட்டன் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து 'விலாசம்' என்று வழங்கினார்கள். அது பெயருக்குப் பெயர், கடைக்குக் கடைப்பெயர், கடன்பத்திரத்துக்கு முத்திரை. மூன்றெழுத்து விலாசத்தை வைத்தே எந்தக் குடும்பம், எவ்வளவு நம்பலாம் என்று எதிராளி தெரிந்துகொள்வார்.

தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு விலாசம் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, கங்காணிக்குப் பின்னால் நடந்து ரப்பர்த் தோட்டத்துக்குள் போனார்கள். செமினியைச் சுற்றியும் ரிஞ்சிங் போன்ற தோட்டங்கள் இருந்தன. விடியுமுன் பெரட்டு என்னும் ஆட்கணக்கு. கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி, ஐந்து மாரிமுத்து இருந்தால் யாருக்குக் கூலி போடுவது? ஊரில் உறவைச் சொல்ல வைத்திருந்த தகப்பன் பெயர், இங்கே சம்பளக் கணக்கு பிசகாமல் காக்கும் காவலாயிற்று.

1948இல் மலாயாவில் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படத்தோடு அடையாள அட்டை கொடுத்தார்கள். வாயில் இருந்த பெயர் முழுவதும் அன்று ஆங்கில எழுத்துக்கு மாறியது. எழுதியவரின் காது எப்படியோ அப்படித்தான் எழுத்தும். லட்சுமணன் 'லெட்சுமணன்' ஆனார். கருப்பையாவுக்கு நாலைந்து வடிவம் கிடைத்தது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் தகப்பன் பெயரில் எழுத்து வேறாகி, வீட்டுப் பட்டா மாற்றும்போது இருவரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டி வருவது இன்றும் நடக்கிறது.

1967இல் மலாய் ஒரே ஆட்சிமொழியான பின் பதிவேடுகளின் மொழியும் மாறியது. எஸ்/ஓ இருந்த இடத்துக்கு ஏ/எல் வந்தது. சிங்கப்பூரில் இன்றும் எஸ்/ஓ, டி/ஓ உண்டு. ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அண்ணன் தம்பிகள் ஒரே உறவை இரண்டு மொழியில் எழுதுகிறார்கள். கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம் தமிழருக்குக் கிடைத்தது 'பின்'. இது தமிழருக்கே உரிய அடையாளம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கெடாவின் சயாமியரும் ஒராங் அஸ்லி மக்களில் பலரும் ஏ/எல் எழுதுகிறார்கள். சரவாக்கின் ஈபான் மக்கள் சுருக்காமல் 'அனாக்' என்றே எழுதுகிறார்கள். அவர்களின் தலைவராக இருந்த துன் ஜுகா அனாக் பாரியெங் அதற்குப் பெரிய சாட்சி.

தலைப்பெழுத்தும் கூடவே வாழ்ந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் பெருஞ்சாலைக்கு, மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் பெயர். வி.தி. சம்பந்தனின் 'வி', அவர் தந்தை வீராசாமி. மலாய்த் திரையின் பேரரசர் பி. ரம்லியின் 'பி' என்னவென்று நினைக்கிறீர்கள்? அவர் தந்தையின் பெயரில் உள்ள 'பூத்தே'. இந்திய இயக்குநர்கள் பலர் வேலை செய்த படக்கூடங்களில் வளர்ந்த அந்தக் கலைஞர், நம் வீட்டுப் பிள்ளையைப் போலவே தகப்பன் எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டார்.

மற்ற கரைகளில் இறங்கிய பெயர்களுக்கு வேறு விதி. ரியூனியன் தீவுக்குப் போன ராமசாமியின் பெயரைப் பிரெஞ்சுப் பதிவேடு குடும்பப் பெயராக்கியது. கொள்ளுப்பேரனும் 'ராமசாமி'தான், ஆனால் அவன் ராமசாமியின் மகன் இல்லை. டென்மார்க்கில் 1828இல் வந்த அரசாணைக்குப் பின் யென்சின் மகனைக் குறித்த 'யென்சென்' மெல்ல அப்படியே உறைந்தது. இன்று யென்சென் என்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேல்ஸில் மகனைக் குறிக்கும் சொல் 'ஆப்'. 'ஆப் ரீஸ்' பிரைஸ் ஆனது, 'ஆப் ஹவெல்' பவல் ஆனது. மகன் என்ற சொல் தேய்ந்து, பகரமாகப் பெயரில் ஒட்டிக்கொண்டது. தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயரை மாற்றி எழுதும் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கும் இடங்களும் உலகில் உண்டு. ஐஸ்லாந்து ஒன்று. செமினி இன்னொன்று.

அதே செமினியில் 2005இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்தது. தோட்டம் இருந்த வட்டாரத்திலேயே இப்போது உலகப் படிவங்களை நிரப்புகிறார்கள். வெளிநாட்டுப் படிவம் இரண்டு கட்டம் காட்டும்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர். மலேசியக் கடப்பிதழோ பெயரை ஒரே வரியாகத்தான் எழுதுகிறது. அதன் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் சாய்கோட்டுக்கு இடமே இல்லை. மகள் வெளிநாடு போய் அப்பா பெயரால் 'மிஸ் முனியாண்டி' என்று அழைக்கப்படுகிறாள். ஆனால் ஐசியில், திருமணமான பிறகும் பாட்டியானாலும், ஏ/பிக்குப் பின் அவள் தகப்பன் பெயர்தான். கணவன் பெயர் அதை இடம்பெயர்ப்பதில்லை. என் கண்ணில் இந்தச் சாய்கோட்டின் பெரிய கொடை இதுதான்.

குமரனுக்குப் பிள்ளை பிறந்து பதிவு செய்யும் நாளில், சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த குமரன் அந்தப் பக்கம் போவார். முனியாண்டி காகிதத்திலிருந்து இறங்கிவிடுவார். அதற்கும் தமிழில் ஒரு வழி வைத்திருக்கிறோம். மகனின் மகனைப் 'பேரன்' என்கிறோம். அது பெயரன், பாட்டன் பெயரை உடையவன். பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வீடுகளில், சாய்கோட்டுக்குப் பின்னாலிருந்து மறைந்தவர் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார். முனியாண்டி ஏ/எல் குமரன்.