தோள், மேற்கைத் தசைகளின் பெயர் வரலாறு

முன்னுரை

பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துவது தமிழ் இலக்கண மரபு. பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில் என்னும் அறுவகை அடிப்படையில் பெயர்ச்சொற்களைப் பகுத்துரைப்பதும் அம்மரபே. இப்பகுப்பினை உடற்கூற்றுக் கலைச்சொற்களுக்குப் பொருத்திப் பார்த்தால், ஓர் உறுப்பினைப் பற்றிய அறிவு எவ்வழியில் வந்தது என்பது அவ்வுறுப்பின் பெயரிலேயே பதிந்திருத்தல் புலனாகும். தோள், மேற்கை ஆகியவற்றின் தசைகள் இதற்குத் தக்க சான்றாகும். முன்கைத் தசைகளுள் பெரும்பாலானவை மடக்குவது, நீட்டுவது, திருப்புவது எனத் தொழிலால் பெயர் பெற்றுள்ளன. தோளிலும் மேற்கையிலும் உள்ளவையோ வடிவாலும் எண்ணாலும் இடத்தாலுமே பெயர் பெற்றுள்ளன. ஒரே கையில் காணப்படும் இவ்வேறுபாட்டின் காரணத்தையும், அது தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர்களின் வகை

தோள் முகட்டைக் கவிந்து மூடும் பெருந்தசை டெல்டாயிடு எனப்படும். டெல்டா என்னும் கிரேக்கப் பெரிய எழுத்தின் முக்கோண வடிவம் இப்பெயருக்குக் காரணம். மேற்கையின் முன்புறத் தசையாகிய பைசெப்சு, இலத்தீன் மொழியில் ‘இரு தலையுடையது’ எனப் பொருள்படும்; பின்புறத் தசையாகிய டிரைசெப்சு ‘மூன்று தலையுடையது’ ஆகும். இங்குத் தலை என்றது தசை எலும்பினின்று தொடங்கும் பகுதியை. முன்னதன் இரு தலைகளும் தோள்பட்டை எலும்பில் தொடங்குகின்றன. பின்னதன் ஒரு தலை தோள்பட்டை எலும்பிலும், ஏனைய இரண்டும் மேற்கை எலும்பிலும் தொடங்குகின்றன. இவை பண்பால் அமைந்த பெயர்கள்.

தோள்பட்டை எலும்பின் முதுகுப்புறத்தே குறுக்காக ஒரு முகடு உள்ளது. அதன் மேலுள்ள தசை சுப்ராசுபைனேட்டசு, கீழுள்ளது இன்ஃப்ராசுபைனேட்டசு. அவ்வெலும்பின் உட்புறத்தில் மார்புக்கூட்டை நோக்கிக் கிடப்பது சப்சுகாப்புலாரிசு. இருதலைத் தசையின் அடியில் மறைந்திருப்பது பிராக்கியாலிசு. கைக்குரியது என்பதே இதன் பொருள். இவை இடத்தால் அமைந்தவை. மேற்கையை உயர்த்துவது, இறக்குவது என்னும் தொழிற்பெயர் இவற்றுள் ஒன்றற்கேனும் இல்லாமை நோக்கத்தக்கது.

எண்ணிக்கை நிலை

தசைகளைப் பற்றிய தொன்மையான இந்தியச் செய்திகள் சுசுருத சங்கிதையின் சாரீரத்தானத்தில் காணப்படுகின்றன. உடலில் 500 தசைகள் உள்ளன என்றும், அவற்றுள் 400 கைகால்களிலும் 66 நடுவுடலிலும் 34 கழுத்திலும் அதற்கு மேலும் உள்ளன என்றும் அந்நூல் கணக்கிடுகிறது. தசைகளால் மூடப்பட்டிருப்பதனாலேயே நரம்பும் எலும்பும் மூட்டுகளும் வலிமை பெறுகின்றன என்றும் உரைக்கிறது. தோளிலும் தோள்பட்டையிலும் உள்ள வருமங்களில் அடிபட்டால் கை விறைத்தல், உணர்வு குன்றல், மெலிதல் ஆகியன நேரும் என்று அந்நூல் கூறுவது மருத்துவர் பட்டறிவின் பயனாகும். ஆயினும் தசைகள் அதில் தனித்தனிப் பெயர் பெறவில்லை.

இதற்குரிய காரணத்தை அந்நூல் கூறும் ஆய்வு முறையிலேயே காணலாம். பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூட்டிலிட்டு ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, பின் வேர், மயிர், மூங்கில், மரப்பட்டை ஆகியவற்றாலான துடைப்பங்களால் மெல்லத் தேய்த்து உறுப்புகளைக் காண வேண்டும் என்பது அம்முறை. தோலின் அடுக்குகளையும் எலும்பையும் காண இது துணைபுரியும். அழுகிக் கரைந்த மென்தசைகளின் எல்லையைப் பிரித்தறிய இது பெரிதும் இடமளிக்காது. எனவே எண்ணிக்கை நின்றது. பெயர் எழவில்லை எனலாம்.

கத்தியும் பெயரும்

கிரேக்க மருத்துவர் கேலன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் குரங்குகளை அறுத்துத் தசைகளை ஆராய்ந்தார். அவர் கூற்றுகள் மனித உடலுக்கும் உரியனவாக ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கொள்ளப்பட்டன. 1543இல் பேசல் நகரில் வெளிவந்த ஆந்திரேயசு வெசாலியசின் பெருநூல் இந்நிலையை மாற்றியது. அந்நூலில் உள்ள அவரது உருவப்படம் இங்குக் கருதத்தக்கது. அறுக்கப்பட்ட ஒரு கையின் அருகில் நின்று, விரல்களை இயக்கும் தசைநாண்களை அவர் அதில் காட்டுகிறார். முன்கையின் நாணைப் பற்றி இழுத்தால் இறந்தவர் விரலும் மடங்கும். ஒரு நாணுக்கு ஓர் இயக்கம் என்பது அங்குக் கண்கூடு. ஆதலின் அத்தசைகளுக்குத் தொழிற்பெயர் எளிதிற் பொருந்தியது.

தோளின் இயல்பு வேறு. டெல்டாயிடு தசையின் முன்னிழைகள் கையை முன்னோக்கியும், பின்னிழைகள் பின்னோக்கியும், நடுவிழைகள் பக்கவாட்டிலும் உயர்த்துகின்றன. ஒரு தசைக்குள்ளேயே ஒன்றற்கொன்று மாறான தொழில்கள் அடங்கியுள்ளன. இதனை ஒரு தொழிலால் பெயரிடுதல் இயலாது. பிணத்தின்மேல் தெளிவாகத் தெரிவது வடிவமே, அதுவே பெயராயிற்று.

வெசாலியசு தசைகளைப் பெரிதும் எண்ணிட்டே குறித்தார். அவருடைய ஆசிரியர் யாக்கோபசு சில்வியசும், பின்னர்க் காசுபர் பௌகினும் எண்களை நீக்கிப் பெயர்களை நிலைநிறுத்தினர். 1734இல் லெய்டன் பேராசிரியர் அல்பினசு வெளியிட்ட தசை நூல் இப்பெயர்களை ஒழுங்குபடுத்தியது. எனினும் நாட்டுக்கொரு பெயர் வழங்கியமையால் உடற்கூற்றுப் பெயர்கள் ஏறத்தாழ 50,000 ஆகப் பெருகின. 1895இல் பேசல் நகரில் ஏற்கப்பட்ட பட்டியல் அவற்றை ஏறத்தாழ 5,000 அளவிற்குக் குறைத்தது. 1955இல் பாரிசிலும் பின்னர் 1998இலும் அது திருத்தம் பெற்றது.

தொழிலை அறிந்த வழி

லியனார்டோ டா வின்சி 1510–11இல் தோளைப் பல கோணங்களில் வரைந்தார். தசைகளுக்குப் பதிலாகக் கயிறுகளை இட்டு வரைந்து, விசை செல்லும் திசையைக் காட்ட முயன்றார். இருதலைத் தசை முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆனால் அவர் வாழ்நாளில் அவ்வரைபடங்கள் அச்சேறவில்லை. அவ்வறிவு பெயர்களில் பதியவில்லை.

பிரெஞ்சு மருத்துவர் டுசென் உயிருள்ளோரின் தசைகளை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்து, 1867இல் உடலியக்கம் பற்றிய நூலை வெளியிட்டார். இயல்பான அசைவில் எத்தசையும் தனித்து இயங்குவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. 1944இல் இன்மன், சாண்டர்சு, அபட் ஆகியோர் தோளியக்கத்தை அளந்தனர். கை முழுமையாக உயரும்போது தோள்மூட்டில் இரு பங்கும் தோள்பட்டை எலும்பின் சுழற்சியால் ஒரு பங்கும் இயக்கம் நிகழ்கிறது என்பது அவர்கள் கணிப்பு. இருபதாம் நூற்றாண்டில் சுப்ராசுபைனேட்டசு, இன்ஃப்ராசுபைனேட்டசு, சப்சுகாப்புலாரிசு, டெரிசு மைனர் என்னும் நான்கும் ஒருங்கே ‘சுழற்றும் தசைப்பட்டை’ எனப் பெயர் பெற்றன. இடத்தாலும் வடிவாலும் பெயர் பெற்றவை கூட்டாகத் தொழிற்பெயர் பெற்றது இங்குதான். அப்பெயரும் முழுமையுடையதன்று. மேற்கை எலும்பின் தலையைக் குழியை விட்டு விலகாமல் பிடித்து நிறுத்துவதே அவற்றின் தலையாய பணியாகும்.

தமிழில் தசைப் பெயர்கள்

ஐரோப்பிய உடற்கூற்றியலைத் தமிழில் கற்பிக்கும் முயற்சியில் முன்னோடி, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் (1822–1884) ஆவார். கிரே எழுதி 1858இல் இலண்டனில் வெளிவந்த உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் 1872இல் தமிழாயிற்று. தமிழ்ச்சொல் உளதாயின் அதனையும், இலதாயின் வடசொல்லையும், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் கொள்ளுதல் அவர் நெறி.

இந்நெறியின் பயனை இன்றைய வழக்கிலும் காணலாம். இருதலைத் தசை, முத்தலைத் தசை என்பன மூலத்தின் காரணத்தை அவ்வாறே தருகின்றன. கழுத்தணியாகிய காறையால் பெயர் பெற்ற காறையெலும்பு, ‘சிறு திறவுகோல்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைப் பின்பற்றாமல் தமிழர் தாமே கண்ட காரணத்தால் அமைந்தது. வில்லின் நாணை நினைவூட்டும் தசைநாண் என்பதும் அத்தகையதே. மாறாக, டெல்டாயிடு என ஒலிபெயர்க்கும்போது கிரேக்க எழுத்தறியாத மாணவருக்குக் காரணப்பெயர் இடுகுறியாகிவிடுகிறது. முக்கோணத் தசை என்பது காரணத்தை மீட்கிறது.

முடிவுரை

தோள், மேற்கைத் தசைகளின் பெயர்கள் பிணத்தின்மேல் கண்ட வடிவையும் இடத்தையும் குறிப்பன. அவற்றின் தொழில் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் உயிருள்ள உடலில் அறியப்பட்டது. எனவே பெயரைக் கொண்டு தொழிலைத் துணிதல் பிழையாகும். இருதலைத் தசை கண்ணுக்குத் தெரிவதால் முழங்கையை மடக்கும் முதன்மைத் தசை அதுவே எனக் கருதுவர். அதனடியில் மறைந்துள்ள பிராக்கியாலிசே அப்பணியில் முதன்மையானது. பெயரின் காரணத்தைத் தமிழில் தருதலும், அக்காரணம் தொழிலன்று எனப் பாடநூலில் விளக்குதலும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றிக் கலைச்சொல்லாக்கம் நிறைவு பெறாது.