கிழி, ஏடு, வரைபலகை

ஓவியத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் சில, ஓவியம் எழுதப்பெற்ற பரப்பின் பெயராய் இருந்தவை. படம் என்பது முதலில் துணி. கிழி என்பதும் துணியே; மடலேறத் துணிந்த தலைவன் கையில் ஏந்தி வருவது தலைவியின் உருவெழுதிய கிழி. எதை எழுதுவது என்பதற்கு முன்னரே எதன்மேல் எழுதுவது என்ற வினா எழுந்துவிடுகிறது. கணினியில் ஓவியம் பயில விரும்பும் இன்றைய இளையோர், 'எந்த கிராபிக்ஸ் டேப்லெட் வாங்கலாம்?' என்று கேட்கும்போது, அந்தப் பழைய வினாவையே மீண்டும் கேட்கின்றனர். அக்கருவியை இங்கு வரைபலகை என்றே குறிப்போம்.

இவ்வினாவை எண்ணிப் பார்க்கத் தென்காசி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் சிதம்பரம் பொன்னாலும், மதுரை வெள்ளியாலும், திருநெல்வேலி செம்பாலும், திருவாலங்காடு இரத்தினத்தாலும் பெயர் பெற்றவை. குற்றாலமோ சித்திரத்தால் பெயர் பெற்றது. குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தருகே நிற்கும் சித்திர சபையில் ஆடவல்லான் ஓவியமாகவே வழிபடப்பெறுகிறான். சுற்றுச் சுவர்களிலும் புராணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன.

சுவரில் எழுதுவது ஒரே முறையன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவை ஈரச் சுண்ணக் காரையின்மேல் எழுதப்பெற்றவை என்பது பின்னர் நிகழ்ந்த வேதியியல் ஆய்வால் தெளிவாயிற்று. காரை உலர்வதற்குள் எழுதி முடித்தாக வேண்டும். உலர்ந்தபின் திருத்த இடமில்லை. நாயக்கர் காலத்தில் பெரிதும் வழங்கிய முறையோ, உலர்ந்த காரைமேல் பசை கலந்த வண்ணம் தீட்டுவது. இதில் நிதானமும் திருத்தமும் கூடும். ஆனால் வண்ணம் எளிதில் உதிரும். விரைவையும் நிலைபேற்றையும் தருவது ஒன்று, வசதியையும் அழிவையும் தருவது மற்றொன்று. எப்பரப்பும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறிக்கிறது.

இனி, கருவியைத் துணைகொண்டு வரைந்தவர்களைப் பார்ப்போம். 1792இல் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தனர். குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மலைத்தொடரில் உள்ள பாபநாசம் அருவியை வரைந்தனர். இந்தியப் பயணத்தில் அவர்கள் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று, வில்லை வழியாக எதிரிலுள்ள காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டி. கண் பார்க்கும் இடமும் கை வரையும் இடமும் அதில் ஒன்றே. இந்தியாவில் எழுதிய கோட்டோவியங்களை இலண்டனில் செப்புத் தகட்டுக்கு மாற்றி, 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்களாக வெளியிட்டனர்.

இதற்கு நேர்மாறான பயிற்சி நம் ஓலைச்சுவடியில் இருந்தது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி இச்சீமைக்கு வந்த வரலாறு இலக்கிய வாசகர் அறிந்ததே. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியும் ஏட்டில் பயின்ற நூல்தான். எழுத்தாணி ஓலையில் கீறுமேயன்றி மை விடாது. கரி பூசித் துடைத்த பின்னரே எழுத்துக் கண்ணுக்குத் தெளிவாகும். ஆக, எழுதும் பொழுதில் கண்ணைவிடக் கையின் பழக்கமே முந்தி நின்றது. கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாததை நேர்த்தியாக எழுதக் கையால் முடியும் என்பதற்கு ஆயிரக்கணக்கான சுவடிகள் சான்று.

இன்றைய வரைபலகை இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது. 1964இல் அமெரிக்காவின் ராண்டு நிறுவனம் உருவாக்கிய பலகை பத்து அங்குலச் சதுரம். விலை ஏறத்தாழ 18,000 டாலர். கை பலகையில் எழுத, கண் எதிரேயுள்ள திரையைப் பார்க்கும். 1983இல் ஜப்பானில் தொடங்கப்பெற்ற வாக்கம் நிறுவனம், மின்காந்த ஒத்ததிர்வால் இயங்கும், மின்கலம் வேண்டாத பேனாவைப் பரப்பியது. பின்னர்த் திரையின்மேலேயே எழுதும் பலகைகள் வந்தன. 2015இல் ஆப்பிள் பென்சிலும் வந்தது. ஆக இன்று நம்முன் இரண்டு மரபுகள்: திரையில்லாப் பலகை எழுத்தாணியின் வழியது, திரையுள்ள பலகை இருட்டுப்பெட்டியின் வழியது.

தொடங்குவோர்க்கு நாம் பரிந்துரைப்பது முதல் வழியை. திரையுள்ள பலகையின் விலை பல மடங்கு. அதன் கண்ணாடித் தடிப்பால் பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடையே சிறு விலகல் தோன்றக்கூடும். குனிந்து எழுதுவதால் கழுத்தும் நோகும். விளம்பரங்கள் முழங்கும் அழுத்த நிலைகளின் எண்ணிக்கையில் மயங்க வேண்டுவதில்லை. 2048க்கும் 8192க்கும் உள்ள வேறுபாட்டைக் கை அறிவது அரிது. மிக மெல்லிய தொடுகைக்கே கோடு விழுகிறதா என்பதே முதன்மையானது. பலகை மிகச் சிறிதாயின் மணிக்கட்டு மட்டுமே அசையும். முழங்கை அசைய இடமிருந்தால்தான் நீண்ட வளைவு நேர்த்தியாய் வரும். மேற்பரப்பில் தாளைப் போன்ற சொரசொரப்பு உண்டா, தேய்ந்த முனைக்கு மாற்று முனை கிடைக்குமா என்று கேட்க வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் இவ்வட்டாரத்துத் தாள் நமத்துப்போகும். பலகைக்கு அக்குறை இல்லை. ஈரக் கை ஒட்டாமல் வழுக்கிச் செல்ல இருவிரல் கையுறை போதும்.

இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் சிற்றூர்க் குடும்பம் கடன்பட்டு வாங்கித் தரும் கருவி இது. திரையில்லாப் பலகையில் முதல் வாரம் கோடு கோணலாய் விழும். 'எனக்கு ஓவியம் வராது' என்று இளையோர் முடிவு கட்டுவது அந்த வாரத்தில்தான். கோணல் திறமையின் குறையன்று. கண்ணும் கையும் புதிய உறவொன்றைப் பழகும் காலம். இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது மூத்தோர் கடமை.

ஏட்டில் எழுதக் கற்றவர்களும் முதல் நாளிலேயே ஓலையைக் கிழிக்காமல் எழுதியிருக்க மாட்டார்கள். நாள்தோறும் அரைமணி நேரம், சில வாரங்கள் பழகிய பின்னரே பலகையைக் குறித்தோ தன்னைக் குறித்தோ ஒருவர் தீர்ப்புச் சொல்லலாம்.