பதலையின் மெல்லோசை

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டையும் வாசலூர்பட்டியையும் அடைந்து, அங்குள்ள ஏரியையும் பூங்காவையும் கண்டு களித்துத் திரும்புகின்றவர்கள், அந்தக் கொல்லிமலைப் பிரதேசம் வல்வில் ஓரி என்னும் வள்ளலின் நாடு என்பதை அறிவார்கள். அவனுடைய வில்லாற்றலைப் பாடிய வன்பரணரின் புறநானூற்றுப் பாட்டு நம் பழைய வாத்தியங்களுக்கு ஓர் அரிய சாசனமாகவும் விளங்குகிறது என்பதைத்தான் நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. ஒரே அம்பினால் யானை முதல் உடும்பு வரை பல விலங்குகளை வீழ்த்திய வேடனைக் கானகத்தில் கண்ட பாணர் தலைவன், அவன்தான் ஓரியோ என்று ஐயுற்று நிற்கும் அந்த நிலையிலேயே, முழவுக்கு மார்ச்சனை இடவும், யாழிலே பண்ணை நிறுத்தவும், யானையின் துதிக்கை போன்ற தூம்பு என்னும் ஊதுகருவியையும் எல்லரி, ஆகுளி என்னும் வாத்தியங்களையும் ஏந்தவும் தன் சுற்றத்தாரை ஏவுகிறான். பதலை என்னும் தோல்வாத்தியத்தை மட்டும் ஒரு முகத்தில் மெல்ல இயக்குமாறு தனியாகப் பணிக்கிறான். எந்த வாத்தியம் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்ற நுட்பமான பிரமாணம் கொல்லிமலைக் காட்டிலே கூடிய அந்த இசைவாணருக்கு இருந்தது.

அந்த மெல்லோசை இன்று இல்லை. கொல்லி என்னும் பண் தேவாரம் ஓதும் ஓதுவார்களின் கண்டத்தில் தங்கி, நவரோஜ் ராகமாக இன்றும் கேட்கிறது. வாத்தியங்களின் நாதமோ அவற்றோடு மறைந்தது. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947-இல் வெளியிட்ட ‘யாழ் நூல்’ யாழின் அமைப்பையும் நரம்புகளின் கணக்கையும் மீட்டுத் தந்தது என்றாலும், பாணன் விரல் பட்டபோது அந்த நரம்பு எவ்வாறு பேசிற்று என்பதை எந்தக் கணிதத்தாலும் மீட்க இயலாது.

ஒலியைப் பிடித்து வைக்கும் வித்தை இந்தியாவுக்கு 1902-இல் கல்கத்தா வழியாக வந்து, சில ஆண்டுகளில் சென்னைக்கும் பரவியபோது, அதிலே மின்சாரத்துக்கு இடமில்லை. பெரிய ஊதுகுழலின் வாய்க்கு நேரே நின்று பாடியவரின் குரல் வேகமே மெழுகுத் தட்டில் கோடு கீறும் ஊசியைத் தள்ள வேண்டியிருந்தது. நாதஸ்வரமும் உரத்த சாரீரமும் அந்தக் குழலுக்கு உகந்தவை. வினாடிக்குச் சுமார் 2,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஸ்வர நுட்பங்களைக் குழல் ஏற்பதில்லையாதலால், தம்புராவின் ஜீவனும் வீணையின் மீட்டும் அதிலே பெரும்பாலும் இழக்கப்பட்டன.

இந்தக் குறையைத் தீர்த்த சாதனங்களுள் தலையாயது கண்டென்சர் மைக். அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் பணியாற்றிய ஈ. சி. வெண்டே என்ற விஞ்ஞானி 1916-இல் அதை உருவாக்கினார். இறுக இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகத் தகடு ஒன்றும், அதன் பின்னே மயிரிழை இடைவெளியில் அசையாத தகடு ஒன்றும் நின்று, இரண்டுக்கும் இடையே மின்னேற்றம் நிலவ, நாதம் பட்டு முன்தகடு அசையும்தோறும் இடைவெளி மாறி, அந்த மாறுதலே மின்னலையாக வெளிப்படுகிறது. தகடு லேசானதாகையால், மிருதங்கத்தின் ‘நம்’ என்ற சொல் பிறக்கும் க்ஷணத்தையும் அது தவறவிடுவதில்லை. 1925-இல் மின்சார ஒலிப்பதிவு வழக்கத்துக்கு வந்தது. 1928-இல் பெர்லினில் ஜார்ஜ் நாய்மன் இத்தகைய மைக்குகளைத் தொழிலாகவே செய்யத் தொடங்கினார். 1949-இல் அவர் வெளியிட்ட யூ 47 உலகத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலெல்லாம் பெருமதிப்புப் பெற்றது.

தமிழ் நாட்டுக்கு மின்சார ஒலிப்பதிவினால் கிடைத்த பெரும் பேறு எது என்று கேட்டால், 1932-இல் கொலம்பியா கம்பெனி பதிவுசெய்த வீணை தனம்மாளின் இசைத்தட்டுகளையே நான் சொல்வேன். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்திலே வெள்ளிக்கிழமை மாலைகளில், மூச்சையும் அடக்கிக் கேட்ட ரசிகர் சிலர் முன்னிலையில் அவர் வாசித்த மெல்லிய வீணை, ஊதுகுழல் யுகத்தோடு அவருடைய காலமும் முடிந்திருக்குமானால் நமக்கு வெறும் கர்ண பரம்பரைக் கதையாகவே எஞ்சியிருக்கும். அதே காலத்தில், பெரிய சபைகளின் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று மைசூர் சௌடையா வயலினுக்கு ஏழு தந்திகள் கட்டிக்கொண்டதையும் நினைத்தால், சபைகளுக்கு மைக் வருவதற்கு முன் மெல்லோசைக்கு எத்தனை சங்கடம் இருந்தது என்பது விளங்கும்.

1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் எழுந்த பிறகு, வாத்தியத்தின் எதிரே மைக்கை எங்கே நிறுத்துவது என்பதே ஒரு கலையாயிற்று. நாதஸ்வரத்தின் நாதம் அணசின் வாயிலிருந்து மட்டுமல்லாமல் திறந்த துளைகளிலிருந்தும் பிறப்பதால், அதற்கு நாலடி தூரமேனும் தரவேண்டும். அணசுக்குள்ளேயே மைக்கை நுழைப்பது வித்வானுக்குச் செய்யும் அநீதி. வீணையின் குடத்தில் மைக்கை ஒட்டிவைத்து எடுக்கும் ஒலியிலே தந்தி இருக்கும், பலாமரம் இராது. நம் தேசத்து ஈரக் காற்றும் கண்டென்சருக்குப் பகை; தகடுகளிடையே ஈரம் ஏறினால் மின்னேற்றம் கசிந்து இரைச்சல் எழும். மூடுபனி இறங்கும் கொல்லிமலையில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

1962-இல் செஸ்லர், வெஸ்ட் என்னும் விஞ்ஞானிகள் கண்ட எலெக்ட்ரெட் முறையினால், தானே மின்னேற்றத்தைத் தாங்கும் மெல்லிய படலம் மலிவாகக் கிடைத்து, கைத்தொலைபேசிக்குள்ளும் இந்த மைக் குடிபுகுந்துவிட்டது. சாதனத்தின் அருமை இனி ஒரு காரணமாகாது. ஆடி மாதத்தில் ஓரிக்கு அரசு விழா எடுக்கும்போது மலைமக்களின் வாத்தியங்கள் ஒலிபெருக்கியின் இரைச்சலில் முழங்கி ஓய்ந்துவிடுவதை விடுத்து, 1943 முதல் தமிழ் இசைக்குத் தொண்டு செய்துவரும் தமிழ் இசைச் சங்கமும் பல்கலைக்கழகங்களும் பனியற்ற மாதங்களில் வாசலூர்பட்டிக்கும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் நல்ல மைக்குகளோடு சென்று, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியே வாசிக்கச் செய்து, அதன் தோலும் மரமும் எவை, கட்டும் முறை யாது என்று வாசிப்பவர் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.